ஒரே வார்த்தைக்கு 11 அர்த்தம்: எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறீர்கள்?

நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ் மீடியம். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதும் பதில் வாங்குவதும்தான் என் வேலை. தெரியாத இங்கிலீஷ் வார்த்தைகளை இரண்டு வருடமாக 200 பக்க நோட்டு ஒன்றில் எழுதி வருகிறேன்.

பெரிய வார்த்தைகளால் தொல்லையே இல்லை. நீளமாக இருந்தாலும் ஒரே அர்த்தம், ஒருமுறை படித்தால் போதும். சின்ன வார்த்தைகள்தான் உயிரை வாங்குகின்றன. 'சார்ஜ்' என்ற ஒன்றுக்கு மட்டும் 11 அர்த்தம் எழுதி வைத்திருக்கிறேன். மனப்பாடம் பண்ணுவேன், மறுவாரம் நான்குதான் ஞாபகம் இருக்கும்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அமெரிக்க பையர் ஒருவர் மெயிலில் பேக்கிங் விஷயத்தை 'டேபிள்' பண்ணலாம் என்று எழுதியிருந்தார். அகராதி ஆப்பில் பார்த்தேன். 'விவாதத்துக்கு முன்வைத்தல்' என்று இருந்தது. சரி, முதலில் இதைத்தான் பேசச் சொல்கிறார் என்று நினைத்து, மறுநாள் வீடியோ காலில் அட்டைப்பெட்டி சாம்பிள்களையெல்லாம் தூக்கிக் காட்டிப் பத்து நிமிடம் பேசினேன். அந்தப் பக்கம் ஒரே நிசப்தம். கால் முடிந்ததும் மேனேஜர், "அதை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம் என்றுதானே எழுதியிருந்தார்கள், ஏன் அதையே பிடித்துக்கொண்டாய்?" என்றார்.

ஆப் சொன்னது தப்பா, நான் படித்தது தப்பா? இப்படி லிஸ்ட் போட்டுப் படிப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

கமா_விட்டவன் எழுதியது:

அக்கா, லிஸ்ட் போட்டு ஜெயிக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் 'செட்' என்ற மூன்றெழுத்து வினைக்கு மட்டும் 430 அர்த்தம். பிறகு திருத்தி எழுதியபோது 'ரன்' முந்திவிட்டது, 645. உங்கள் 200 பக்க நோட்டு இந்த இரண்டுக்கே பத்தாது.

பனிக்காலம் எழுதியது:

தங்கச்சி, உங்களில் பிழை இல்லை. ஆப்பிலும் பிழை இல்லை. நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது ரொறன்ரோவில். இந்த 'டேபிள்' என்னையும் ஒருக்கா விழுத்தியிருக்கிறது.

பிரிட்டனில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்தால், எல்லோரும் பார்க்க மேசையில் எடுத்து வைக்கிறார்கள், இப்பவே பேசுவோம் என்று அர்த்தம். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு, மேசையில் கிடக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று அர்த்தம். கனடா நாடாளுமன்றத்தில் பிரிட்டிஷ் வழக்கம்தான். ஆனால் நான் வேலை செய்த கொம்பனியின் தலைமை அலுவலகம் அமெரிக்காவில். ஒவ்வொரு கூட்டத்திலும் யார் எந்த மேசையைச் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேணும்.

சர்ச்சிலின் ஆட்களுக்கே இது நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் அவசர அறிக்கை ஒன்றை 'டேபிள்' செய்ய வேணும் என்று கேட்க, அமெரிக்க அதிகாரிகள் கூடாது என்று நிற்க, நெடுநேரம் சூடான வாக்குவாதம் நடந்ததாம். கடைசியில் பார்த்தால் இரண்டு பக்கமும் கேட்டது ஒன்றைத்தான். சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதி வைத்திருக்கிறார். அதனால் அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டியதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நூல்கண்டு எழுதியது:

அண்ணா, இதை அப்படியே மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். "சர்ச்சிலா?" என்று ஒரு வார்த்தை பதில் வந்தது.

கரும்பலகை எழுதியது:

அம்மா, நான் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். அரசுப் பள்ளியில் 31 வருடம். உங்கள் 'சார்ஜ்' பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன், எனக்குப் பிடித்த வார்த்தை அது.

அந்த 11 அர்த்தத்தையும் ஒரு ஓரமாக வைத்துவிட்டு ஒரு மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய லத்தீனில் 'கார்ரஸ்' என்றால் வண்டி. 'கார்' என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். வண்டியில் பாரம் ஏற்றுவதைச் சொல்லும் வினையிலிருந்து பிறந்தது 'சார்ஜ்'. கப்பலில் போகிறதே 'கார்கோ', அதுவும் இதற்கு உடன்பிறப்பு.

இனி உங்கள் பட்டியலைப் பாருங்கள். பேட்டரியை சார்ஜ் செய்கிறோம். மின்சாரத்தை ஏற்றுகிறோம். தமிழில் மின்னேற்றம் என்றே பெயர். போலீஸ் ஒருவர் மேல் சார்ஜ் ஷீட் போடுகிறது. குற்றம் சுமத்துகிறது என்கிறோம் அல்லவா, சுமத்துவது என்றால் என்ன? ஓட்டலில் பார்சலுக்கு சார்ஜ் போடுகிறார்கள். பில்லில் ஏற்றிவிட்டான் என்று நாமே புலம்புகிறோம். தலைமையாசிரியர் லீவில் போனால் அடுத்தவர் இன்சார்ஜ். பொறுப்பு அவர் தலையில். 'பொறுப்பு' என்ற சொல்லின் வேர் என்ன? பொறு. பொறுப்பது என்றால் தாங்குவது. பழைய பீரங்கியில் வெடிமருந்தைக் கெட்டிப்பதும் சார்ஜ்தான்.

ஏற்று, சுமத்து, பொறு. இங்கிலீஷ்காரன் ஒரு வண்டியை வைத்து ஓட்டிய அத்தனை வேலையையும் நாம் மூட்டை தூக்குகிற வார்த்தைகளை வைத்துச் செய்திருக்கிறோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடிக்கவில்லை. மனிதன் எங்கே இருந்தாலும் பாரம் பாரம்தான் போலிருக்கிறது.

வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு, "அப்படியானால் டிஸ்சார்ஜ் என்றால் என்னடா?" என்று கேட்பேன். கடைசி பெஞ்சிலிருந்து "இறக்கி வைக்கிறது சார்" என்று பதில் வரும். முதல் பெஞ்ச் இன்னும் அகராதியில் தேடிக்கொண்டிருக்கும்.

சார்பெழுத்து எழுதியது:

நல்ல கதை ஐயா. தடியடியை இங்கிலீஷ் பேப்பரில் 'லத்தி சார்ஜ்' என்று எழுதுகிறார்களே, அதில் எந்த மூட்டையை எங்கே ஏற்றுகிறார்கள்?

கரும்பலகை எழுதியது:

முதுகில்.

சரி, விளையாட்டு போதும். பாய்ந்து தாக்குவதற்கும் 'சார்ஜ்' உண்டு. அது இந்த வண்டிக்குள் எளிதாக அடங்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 11இல் 9 அடங்கினால் மனப்பாடத்துக்கு மிச்சம் இரண்டுதானே?

முத்திரைத்தாள் எழுதியது:

நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை. எங்கள் தொழிலில் இந்தச் சின்ன வார்த்தைகள் பண்ணுகிற கூத்து தனி.

ஒரு பையன் குடும்பச் சொத்து விஷயமாக வந்தான். வக்கீல் தயாரித்த இங்கிலீஷ் வரைவில் அவன் பெரியப்பாவைப் பற்றி 'இஸ்யூலெஸ்' ஆக இறந்தார் என்று இருந்தது. அர்த்தம் புரிந்ததா தம்பி என்று கேட்டேன். "புரிந்தது சார், பெரியப்பா ஒரு பிரச்சினையும் இல்லாமல் தூக்கத்திலேயே போய்விட்டார்" என்றான். அவர் தூக்கத்தில் போனது உண்மைதானாம். ஆனால் வக்கீல் எழுதியது அதை இல்லை, பிள்ளை இல்லை என்பதை. அந்த ஒரு வார்த்தையில்தான் இவனுக்குச் சொத்தே வருகிறது.

வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி இதற்கும் ஒரு படம் உண்டு. 'இஸ்யூ' என்றால் வெளியே வருவது. பாஸ்போர்ட்டில் 'டேட் ஆஃப் இஸ்யூ' ஆபீஸிலிருந்து வெளியே வந்த தேதி. பத்திரிகையின் தை மாத இஸ்யூ என்றால் அந்த மாதம் வெளிவந்த இதழ். கம்பெனி பங்கு வெளியிட்டால் அதுவும் இஸ்யூ. வயிற்றிலிருந்து வெளியே வந்தது பிள்ளை. பேச்சில் கிளம்பி வந்து நிற்பது பிரச்சினை. கல்யாண விளம்பரத்தில் 'இஸ்யூலெஸ் டிவோர்சி' என்று போடுகிறார்களே, அதைப் படித்துவிட்டு 'சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்தவர்' என்று நினைத்துப் பேச வந்த வீட்டாரையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று 'எக்சிக்யூட்'. பத்திரத்தில் இதற்கு எழுதிக் கொடுப்பது, கையெழுத்துப் போட்டு முடித்துக் கொடுப்பது என்று பொருள். 1908ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி, எக்சிக்யூஷன் தேதியிலிருந்து 4 மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா "எக்சிக்யூஷன் என்றால் தூக்கில் போடுவது இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். இரண்டும் ஒன்றுதான் அம்மா, எடுத்த காரியத்தைக் கடைசிவரை கொண்டுபோய் முடிப்பது என்றேன். அவர் அவ்வளவாகச் சமாதானம் ஆகவில்லை.

கமா_விட்டவன் எழுதியது:

நாங்கள் புரோகிராமையே தினமும் எக்சிக்யூட் பண்ணுகிறோம் சார். அது தொங்கினால் 'கில்' பண்ணுவோம். ஆபீஸ் போனில் "முதலில் சைல்டைக் கில் பண்ணு, அப்புறம் பேரன்ட்" என்று பேசிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

சார்பெழுத்து எழுதியது:

கதைகள் சுவாரசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நூல்கண்டு கேட்டது எப்படி ஞாபகம் வைப்பது என்று. வேர்க்கதை எல்லா வார்த்தைக்கும் உதவாது, சில இடங்களில் குழியில் தள்ளும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

'நைஸ்' என்ற வார்த்தையை எடுங்கள். லத்தீன் வேருக்கு அறியாதவன் என்று பொருள். இங்கிலீஷுக்குள் வந்த புதிதில் முட்டாள் என்பதைத்தான் குறித்தது. அப்புறம் நாணுகிறவன், நுணுக்கம் பார்க்கிறவன், நுட்பமானது என்று நூற்றாண்டுக்கு நூற்றாண்டு சட்டை மாற்றிக்கொண்டு இன்றைக்கு 'நல்ல' என்று நிற்கிறது. இந்த வேரைத் தெரிந்துகொண்டு 'நைஸ் டீ' என்பதைப் புரிந்துகொள்ள முடியுமா? அதிலும் நம் ஊரில் நைஸ் என்றால் வழவழப்பு. நைஸாக அரைத்த மாவு, நைஸாக நழுவிய ஆள்.

அடுத்தது, ஒரே உருவத்தில் இரண்டு பேர் இருப்பது. 'லைட்' என்றால் வெளிச்சம், 'லைட்' என்றால் கனமில்லாதது. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, வேர் வேறு வேறு. 'கேஸ்' என்றால் பெட்டி, 'கேஸ்' என்றால் வழக்கு. பெட்டி ஒரு லத்தீன் சொல்லிலிருந்தும், வழக்கு 'விழுவது, நேர்வது' என்ற பொருளுடைய இன்னொரு சொல்லிலிருந்தும் வந்தவை. ஆற்றங்கரைக்கும் 'பேங்க்', பணம் போடும் இடத்துக்கும் 'பேங்க்'. பணம் போடும் பேங்க், இத்தாலியில் வட்டிக்காரர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்த பலகையின் பெயரிலிருந்து வந்தது. கரையோடு அதற்கு நேரடி உறவு கிடையாது. 'லீவ்' இன்னும் மோசம். விட்டுப் போவது ஒரு சொல், விடுப்பு இன்னொரு சொல். நமக்கு 'விடு' என்ற ஒரே வினை இரண்டையும் பார்த்துக்கொள்வதால், இங்கிலீஷிலும் அப்படித்தான் என்று நினைத்து ஏமாறுவோம்.

இது ஒன்றா இரண்டா என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவருக்குத் தேவை, இந்த வாக்கியத்தில் எந்த 'கேஸ்' என்று கண்டுபிடிக்கும் வழி மட்டும்தான். அந்த வழியைத் தொல்காப்பியர் எழுதி வைத்துவிட்டார். நான் தமிழாசிரியர், அதனால் எங்கே போனாலும் அங்கேதான் போய் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல பொருள் தரும் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லதிகாரத்தில் பேசும்போது, அதன் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும் என்கிறார். உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். மா பூத்தது என்றால் மரம். பூத்தது என்ற வினை காட்டிக்கொடுத்தது. மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரம், பக்கத்தில் இன்னொரு மரமாகிய மருது நிற்கிறது. அது இனம். கவசம் போட்டுப் போருக்குப் புறப்பட்டு நிற்கிறவன் மா கொண்டுவா என்றால் குதிரை. அங்கே வினையும் காட்டவில்லை, இனமும் காட்டவில்லை. சொன்னவன் யார், எங்கே நிற்கிறான் என்பது காட்டியது. அது சார்பு.

நூல்கண்டு, உங்கள் 'டேபிள்' மெயிலில் நடந்தது இந்த மூன்றாவது. சொன்னவர் அமெரிக்கர். சார்பைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்தீர்கள். ஆப்புக்குச் சார்பு தெரியாது.

கரும்பலகை எழுதியது:

ஐயா, வணக்கம் வைக்கிறேன். நான் 31 வருடம் பாடம் எடுத்ததை நீங்கள் மூன்று சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஜே. ஆர். ஃபர்த் என்று ஒரு ஆங்கிலேய மொழியியலாளர். லாகூரில் பேராசிரியராக இருந்தவர், தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் எழுதியவர். ஒரு சொல்லை அது சேர்ந்திருக்கும் கூட்டத்தை வைத்து அறியலாம் என்று 1957இல் சொன்னார். இன்றைக்கும் மொழியியல் வகுப்புகளில் அதைத்தான் ஓதுகிறார்கள். நீங்கள் சொன்ன 'இனம்' அதுதான்.

ஆனாலும் என் மாட்டுவண்டியை நான் அவிழ்க்கப் போவதில்லை. சார்பு பார்த்தால் பொருள் தெரியும், சரி. மறுவாரம் மனதில் நிற்க வேண்டுமே? அதற்குக் கதை வேண்டும். 'ஃபைன்' பாருங்கள். அபராதமும் ஃபைன், நன்றாக இருக்கிறேன் என்பதும் ஃபைன். இரண்டும் முடிவு என்ற ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். பணம் கட்டி வழக்கை முடித்தால் அபராதம், பட்டை தீட்டி முடித்தால் உயர்தரம். இதை ஒருமுறை கேட்டவன் மறப்பானா?

சார்பெழுத்து எழுதியது:

மறக்க மாட்டான். ஆனால் நைஸை மறந்துவிடுவான். பாதிப் பாதி வைத்துக்கொள்வோம்.

இரவுப்பணி எழுதியது:

நான் நர்ஸ். டூட்டி முடிந்து வந்து மொத்தத்தையும் படித்தேன், தூக்கம் போய்விட்டது.

எங்கள் வார்டில் நடந்த கதை. ஒரு பெரியவர் நெஞ்சுவலி என்று அட்மிட் ஆனார். கேஸ் ஷீட்டில் டாக்டர், வழக்கமாக எல்லோருக்கும் எழுதுவது போல, 'கம்ப்ளெயின்ட்ஸ் ஆஃப் செஸ்ட் பெய்ன்' என்று எழுதியிருந்தார். அவர் மகன் அதைப் படித்துவிட்டு நேராக என் டேபிளுக்கு வந்தார். "சிஸ்டர், நாங்கள் யார் மேலேயும் கம்ப்ளெயின்ட் கொடுக்கவில்லையே, யார் இப்படி எழுதியது? நாளைக்கு எங்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டால்?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. நோயாளி தனக்கு என்ன தொந்தரவு என்று சொல்வதைத்தான் எங்கள் பாஷையில் கம்ப்ளெயின்ட் என்போம். அப்படிச் சொல்லிப் புரிய வைத்தபிறகுதான் அவர் அப்பாவின் கட்டிலுக்குத் திரும்பிப் போனார். வெளியே இருப்பவர்களுக்கு அது புகார் மனு என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. தினம் நூறு தடவை சொல்கிற வார்த்தை.

'பாசிட்டிவ்' இன்னொன்று. ஊரெல்லாம் பாசிட்டிவாக இரு என்கிறார்கள். கொரோனா காலத்தில் ரிசல்ட் பாசிட்டிவ் என்றதும் சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்பியவரைக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். தேடிய பொருள் கிடைத்துவிட்டது என்பதுதான் லேபில் பாசிட்டிவ். கிடைத்தது நல்லதா கெட்டதா என்பது வேறு கதை. குழந்தைக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு அதே வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், அழுதுவிடுவார்கள்.

பனிக்காலம் எழுதியது:

இந்தியாவில் இருந்து வந்த பெடியன் ஒருவன் இங்கே நேர்முகத்தேர்வில் தான் 2015இல் 'பாஸ் அவுட்' ஆனதாகச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த அம்மா பதறிப்போய், இப்ப உடம்பு எப்படி என்று கேட்டா. இங்கே அதற்கு மயங்கி விழுந்தது என்று அர்த்தம். பட்டாளத்தில் பயிற்சி முடிக்கிறவர்களுக்கு மட்டும் 'பாசிங் அவுட்' அணிவகுப்பு உண்டு. உங்கட ஊரில் பட்டாளத்துச் சொல் கல்லூரிக்குள் வந்துவிட்டது போல.

தேர்தலும் அப்படித்தான். பிரிட்டனில் வேட்பாளர் 'ஸ்டாண்ட்' பண்ணுவார், அமெரிக்காவில் 'ரன்' பண்ணுவார். தமிழில் நாங்களும் நிற்கிறோம். வென்ற பிறகு யார் ஓடுகிறார், யார் நிற்கிறார் என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கமா_விட்டவன் எழுதியது:

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் ஆபீஸில் போபாலிலிருந்து வந்த நண்பன் ஒருவன் தமிழ் கற்றுக்கொள்கிறான். அவனும் அக்கா மாதிரியே நோட்டு வைத்திருக்கிறான். 'பிடி' என்றால் கையால் பற்றுவது என்று முதல் நாள் எழுதிக்கொண்டான். மறுநாள் கேன்டீனில் ஒரு பெண் "எனக்கு வடை பிடிக்கும்" என்றாள். வடையை யாராவது தூக்கிப் போடப் போகிறார்களா என்று இவன் சுற்றிப் பார்த்தான். அப்புறம் பஸ்ஸைப் பிடித்தோம், சம்பளத்தில் பிடித்தார்கள், படம் பிடித்தார்கள், தீப்பிடித்தது, பைத்தியம் பிடித்தது, பிடித்துவைத்த பிள்ளையார். நோட்டில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

சளி பிடித்தது என்று நான் சொன்னதும் அவன் கேட்டான் பாருங்கள்: "இங்கிலீஷில் நான் சளியைப் பிடிக்கிறேன், தமிழில் சளி என்னைப் பிடிக்கிறது, யார் யாரைத் துரத்துகிறார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை நாள் அந்த வார்த்தையை எண்ணிப் பார்த்ததே இல்லை.

நூல்கண்டு எழுதியது:

இதைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. 'பிடி'க்கு எத்தனை அர்த்தம் என்று நான் எங்கேயும் படிக்கவில்லை. வடையோடு ஒன்று வரும், பஸ்ஸோடு ஒன்று வரும், அவ்வளவுதான்.

அதனால் நேற்று ராத்திரி நோட்டை மாற்றினேன். அர்த்தம் எழுதும் பத்தியை அடித்துவிட்டு, அந்த வார்த்தை எந்த மெயிலில் எந்த வார்த்தையோடு வந்தது, எழுதியது யார் என்று மூன்றையும் எழுத ஆரம்பித்தேன். 'டிரா' என்பதை எடுத்துப் பார்த்தேன். பழைய மெயில்களில் தேடினால், டிசைனர் டிரா பண்ணுகிறார் என்றால் படம். பேங்க்காரர் டிரா என்றால் பணம் எடுப்பது. போன ஞாயிறு எங்கள் டீம் விளையாடிய மேட்ச் டிரா. கரும்பலகை ஐயா, இதிலும் ஒரு வண்டி இருக்கிறதா?

கரும்பலகை எழுதியது:

வண்டி இல்லை, கயிறு இருக்கிறது. டிரா என்றால் இழு. பென்சிலை இழுத்தால் கோடு. கணக்கிலிருந்து இழுத்தால் பணம். குடத்திலிருந்து சீட்டை இழுத்தால் குலுக்கல். மேசைக்குக் கீழே இழுத்துத் திறக்கிற பெட்டிக்கு 'டிராயர்' என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன? இழுப்பறை.

மேட்ச் டிராவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். சார்பெழுத்து ஐயா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சார்பெழுத்து எழுதியது:

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் இப்போது எழுதியதிலேயே ஒன்று இருக்கிறது. 'பார்' என்பதோடு 'கொள்' சேர்ந்தால், குழந்தையைப் பார்த்துக்கொள் என்கிறபோது பராமரிப்பு. 'லுக்' என்பதோடு 'ஆஃப்டர்' சேர்ந்தாலும் அதே. அவர்கள் வினைக்குப் பின்னால் ஒரு துண்டைச் சேர்க்கிறார்கள், நாம் இன்னொரு வினையைச் சேர்க்கிறோம். இங்கிலீஷில் 'ஈட்' என்றால் சாப்பிடு, 'ஈட் அப்' என்றால் சாப்பிட்டுவிடு. அந்த 'அப்' மேலே எங்கேயும் போவதில்லை, நம்முடைய 'விடு' செய்கிற வேலையைத்தான் செய்கிறது, முடித்துவிடு என்று. 'யூஸ் அப்', 'ட்ரிங்க் அப்', 'ஃபினிஷ் அப்' எல்லாம் இப்படியே. ஆனால் 'கிவ் அப்' என்றால் கொடுத்துவிடு என்று போய்விடாதீர்கள், கைவிடு. அங்கேயும் ஒரு விடு இருப்பது தற்செயல்.

இரவுப்பணி எழுதியது:

ஒன்றைச் சொல்லாமல் தூங்கப் போக முடியாது. 'ரிப்பேர்'. இங்கிலீஷில் சரிசெய்வது. நம் ஊரில் ஃபேன் ரிப்பேர் என்றால் கெட்டுப்போனது. நேர் எதிர்! எங்கள் வார்டு லிஃப்டில் 'லிஃப்ட் ரிப்பேர்' என்று போர்டு தொங்கும். வடக்கிலிருந்து வந்த டாக்டர் ஒருவர், சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று பட்டனை அமுக்கிக்கொண்டே நின்றார்.

நூல்கண்டு எழுதியது:

ஐயோ! போன மாதம் நான் பையருக்கு எழுதிய மெயிலில், மெஷின் ரிப்பேர் ஆனதால் ஷிப்மென்ட் நான்கு நாள் தாமதம் என்று எழுதினேன். ரிப்பேர் ஆகிவிட்டால் பிறகு ஏன் தாமதம் என்று அவர் திருப்பிக் கேட்டார். கேலி பண்ணுகிறார் என்று நினைத்து இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.

இன்றைக்கு அவருக்கே 'டேபிள்' விஷயத்தை விளக்கி, நான் பிரிட்டிஷ் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன் என்று எழுதினேன். இப்போதுதான் பதில் வந்தது. இரண்டே வார்த்தை: 'ஃபேர் இனஃப்'. ஃபேர் என்றால் எனக்குத் தெரிந்தது சிவப்பு நிறம், புத்தகத் திருவிழா, ரேஷன் கடை போர்டில் இருக்கிற 'ஃபேர் ப்ரைஸ்'. இதில் எந்த ஃபேர்? மனிதர் சமாதானம் ஆகிவிட்டாரா, இல்லையா?

முத்திரைத்தாள் எழுதியது:

ஆகிவிட்டார் அம்மா. நீங்கள் சொல்வது நியாயம்தான் என்கிறார். ரேஷன் கடை ஃபேர்தான் அது, நியாய விலைக் கடை.

கரும்பலகை எழுதியது:

திருவிழா ஃபேர் மட்டும் வேறு குடும்பம், லத்தீனில் விடுமுறை நாள். நிறமும் நியாயமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், பழைய ஆங்கிலத்தில் அழகு என்று பொருள். அழகு எப்படி நியாயம் ஆனது என்பது பெரிய கதை, நாளைக்கு எழுதுகிறேன். இங்கே கரண்ட் போய்விட்டது, போனில் சார்ஜ் 4 சதவீதம்தான் இருக்கிறது.

சார்பெழுத்து எழுதியது:

எந்த சார்ஜ் ஐயா?